பச்சோந்தியின் நாக்கு

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் மாலைதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. கீழே விளையாடிவிட்டு வரும் சிறுவன் படியேறும்வரை இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ உரக்கப் பேசிக்கொண்டு வருகிறான். வாயிலைக் கடந்ததும் தமிழுக்கு மாறுகிறான். மறுநாட் காலையில் பள்ளி வண்டியில் ஏறிய மாத்திரத்தில் ஆங்கிலம் பேசுகிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி இதனைக் கண்டு, "இதென்னடி, பச்சோந்தியாட்டம் மாறுறானே!" என்று மகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிப்புத்தான். ஆயினும் அச்சிரிப்பின் அடியில் ஓர் அச்சம் கிடப்பதை நாம் உணராமல் இல்லை. பிறரைப் பார்த்துப் பார்த்து நடக்கும் பிள்ளை தன்னை இழந்துவிடுமோ என்னும் அச்சம் அது.

இவ்வச்சத்தைப் பொருளாகக் கொண்டு, பச்சோந்தியையே கதைத் தலைமையாக்கி, குழந்தைகளுக்கான படநூல்கள் இரண்டு ஒரே ஆண்டில், 1975-இல், அமெரிக்காவில் வெளிவந்தன. ஒன்று எரிக் கார்ல் எழுதி வரைந்த 'தி மிக்ஸ்ட்-அப் கமீலியன்'. 'குழம்பிப்போன பச்சோந்தி' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மற்றொன்று லியோ லியோனியின் 'எ கலர் ஆஃப் ஹிஸ் ஓன்'. 'தனக்கென ஒரு நிறம்' என்பது அதன் பொருள். இவ்விரு நூல்களின் அருமையை அறிய வேண்டுமாயின், அவற்றுக்கு முன் இப்பொருள்பற்றி உலகம் சொல்லிவந்த கதைகளைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மூதுரையின் வான்கோழி. மயிலாடக் கண்டு தானும் சிறகை விரித்து ஆடிய அப்பறவையைக் கல்லாதவனுக்கு உவமையாக்கினார் ஔவையார். இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. இன்று நாம் வான்கோழி என்றழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. 1612-இல் கோவாவிலிருந்து தம் அவைக்கு வந்த அப்பறவையின் விந்தைத் தோற்றத்தைப் பேரரசர் ஜஹாங்கீர் தம் குறிப்புகளில் வியந்து எழுதியுள்ளார். அவருடைய ஓவியர் மன்சூர் அதனைத் தீட்டினார். மூதுரை அதற்கு முற்பட்டதாயின், ஔவையார் கண்ட வான்கோழி வேறொரு பறவையாகவே இருந்திருத்தல் வேண்டும். பிறரைப் போல் நடித்ததாகப் பழிசுமந்த பறவையின் பெயரையே பிற்காலத்தில் வேறொரு பறவை எடுத்துக்கொண்டது போலும்!

மகாபாரதத்தின் கன்ன பருவத்தில் காக்கையும் அன்னமும் பற்றிய கதை வருகிறது. செல்வன் ஒருவனின் பிள்ளைகள் உண்டு மிஞ்சிய எச்சிலில் வளர்ந்த காக்கை, நூற்றொரு வகையாகப் பறக்க வல்லேன் என்று செருக்கிக் கடல்மீது அன்னத்தோடு போட்டியிடுகிறது. அன்னத்துக்குத் தெரிந்ததோ ஒரே வகைப் பறத்தல். நடுக்கடலில் காக்கை சோர்ந்து வீழ, அன்னமே அதனைத் தூக்கிவந்து கரைசேர்க்கிறது. பௌத்த ஜாதகக் கதையொன்றில் வரும் காக்கைக்கு அந்த நற்பேறும் இல்லை. மீன் பிடிக்கும் நீர்ப்பறவையைப் பார்த்துத் தானும் குளத்தில் மூழ்கி, பாசியிற் சிக்கி மாண்டுபோகிறது.

இக்கதைகளை நாம் பிள்ளைகளுக்குப் பன்முறை சொல்லியிருக்கிறோம். யார் யாருக்குச் சொன்ன கதைகள் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்னத்தின் கதையைச் சொல்பவன் சல்லியன், கேட்பவன் கன்னன். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் அருச்சுனனுக்கு நிகராவேன் என்று எண்ணலாகுமா என்று குத்திக்காட்டவே அக்கதை அங்கே எழுகிறது. 'உன்னைப் போலவே இரு' என்பதன் உள்ளே 'உன் இடத்திலேயே இரு' என்பதும் ஒளிந்திருந்தது. இக்கதைகளில் அன்னம் காக்கையைப் பார்த்து நடப்பதே இல்லை, வீழ்வதெல்லாம் காக்கைதான்.

குடிபெயர்ந்தோராகிய நமக்கு மிக நெருங்கிய கதை அரபு மொழியில் உள்ளது. பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் சென்று, அங்கிருந்து 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்பாரால் 'கலீலா வ திம்னா' என அரபியில் ஆக்கப்பெற்ற செய்தியைப் பலரும் அறிவர். அந்நூலில் ஒரு துறவியின் இல்லத்துக்கு விருந்தினன் வருகிறான். துறவி பேசும் எபிரேய மொழியின் இனிமையில் மயங்கி, அதனைக் கற்க முயல்கிறான். துறவி அவனைத் தடுத்து ஒரு கதை சொல்கிறார். கௌதாரியின் நடையழகைக் கண்ட காக்கை அதனைப் பழக முயன்றது, வரவில்லை. பழைய நடைக்கே திரும்பலாம் என்றால் அதுவும் மறந்துபோயிற்று. அன்றுமுதல் பறவைகளுள் நடை கெட்ட பறவை காக்கையே. வேற்று மொழியைக் கற்கப் புகுந்தால் அதுவும் வாராது, தாய்மொழியும் போய்விடும் என்பது துறவியின் எச்சரிக்கை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற இவ்வச்சம் நம் வீட்டுக் கூடத்தில் இன்றும் அப்படியே அமர்ந்திருக்கிறது!

இனிப் படநூல்களுக்கு வருவோம். எரிக் கார்ல் 1929-இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோர்க்குப் பிறந்தார். தாயாரின் ஊர் ஏக்கத்தால் 1935-இல் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகருக்குத் திரும்பியது. அமெரிக்கப் பள்ளியில் பெரிய தாள்களிலும் ஒளிரும் வண்ணங்களிலும் விளையாடிய ஆறு வயதுச் சிறுவன், அங்கே சிறிய தாள், கடினமான பென்சில், அளவுகோல், பிரம்படி ஆகியவற்றைக் கண்டான். அமெரிக்காவில் விட்டுவந்த பாட்டியிடம் செல்லக் கடல்மீது பாலம் கட்டும் பொறியாளனாக வேண்டும் என்று அக்காலத்தில் கனவு கண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பின்னர்ப் போர் மூண்டது. தந்தை படைக்கு இழுக்கப்பட்டு, சோவியத்துச் சிறையிலிருந்து 1947-இல்தான் மீண்டார். ஓவிய ஆசிரியர் ஒருவர், நாட்சி அரசு 'சீர்கெட்ட கலை' என்று தடைசெய்திருந்த ஓவியங்களின் படிகளை இளம் எரிக்கிடம் மறைவாகக் காட்டினார். எல்லாரும் ஒன்றுபோலவே வரைய வேண்டும், ஒன்றுபோலவே கை உயர்த்த வேண்டும் என்றிருந்த நாட்டில் அது எத்துணைத் துணிவான செயல்!

1952-இல், கையில் நாற்பது டாலருடன், கார்ல் நியூயார்க்கில் இறங்கினார். அங்கு அவருக்கு வேலை தேடிக்கொடுத்து உதவியவர் 'ஃபார்ச்சூன்' இதழின் கலை இயக்குநராயிருந்த லியோ லியோனி. லியோனியும் ஓர் ஊரில் நிலைத்தவர் அல்லர். 1910-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, இத்தாலியில் வாழ்ந்து, 1939-இல் அமெரிக்கா சென்றவர். விந்தை என்னவெனில், கார்ல் விரைவிலேயே அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு, பணிபுரிய மீண்டும் ஜெர்மனிக்கே அனுப்பப்பட்டார். ஒரு நாட்டைவிட்டு வந்தவன், வேறோர் உடையில் அந்நாட்டுக்கே திரும்பிச் செல்வதைவிடப் பெரிய நிறமாற்றம் ஏது?

கார்லின் கதை எளியது. சிறு பச்சோந்தியொன்று விலங்குக் காட்சிசாலையைக் காண்கிறது. தான் சிறியது, மெலியது என்று வருந்தி, பனிக்கரடியைப் போலாக விரும்புகிறது; ஆகிவிடுகிறது. பின் பூநாரையின் சிறகு, நரியின் வால், மீனின் செதில், மானின் கொம்பு, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, ஆமையின் ஓடு, யானையின் தும்பிக்கை, கடல்நாயின் துடுப்பு என ஒவ்வொன்றாய் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மனிதரைப் போலத் தொப்பியும் குடையுங்கூட. அப்போது ஓர் ஈ பறந்து வருகிறது. பச்சோந்திக்கோ கடும் பசி. இத்தனை உறுப்புகளைச் சுமந்த உடலால் அந்த ஈயைப் பிடிக்க இயலவில்லை. நானாகவே இருந்திருக்கலாமே என்று விரும்புகிறது, அவ்விருப்பமும் நிறைவேறுகிறது, நாக்கு நீள்கிறது, ஈ அகப்படுகிறது. முதற்பதிப்புக்குக் கோட்டோவியங்கள் வரைந்த கார்ல், 1984-இல் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி நூல் முழுவதையும் புதிதாகச் செய்தார்.

இக்கதையில் யாரும் கடலில் வீழவில்லை. பாசியிற் சிக்கிச் சாகவில்லை. ஏளனம் செய்ய ஓர் அன்னமோ மயிலோ அருகில் இல்லை. கௌதாரி நடை பழகிய காக்கைக்கு மறந்துபோன பழைய நடை, இப்பச்சோந்திக்கு மறக்கவில்லை. பசித்தபோது நினைவுக்கு வந்தது. நமக்கு இக்கதையில் மிக விருப்பமான இடம் அதுவே. பிறரைப் போலாதல் குற்றம் என்று கார்ல் சொல்லவில்லை. அதனால் ஓர் ஈ தப்பிப்போனது என்று மட்டுமே காட்டுகிறார்.

லியோனியின் பச்சோந்திக்குத் துயரம் வேறு. கிளிக்குப் பச்சை, யானைக்குச் சாம்பல், பன்றிக்கு இளஞ்சிவப்பு என எல்லாவற்றுக்கும் தனி நிறம் இருக்க, தனக்கு இல்லையே என்று அது ஒரு பச்சிலைமீது குடியேறிவிடுகிறது. இலையோ மஞ்சளாகி, சிவந்து, உதிர்கிறது. பச்சோந்தியும் உடன் மாறி உடன் விழுகிறது. இளவேனிலில் மூத்த பச்சோந்தியொன்றைச் சந்திக்கிறது. நமக்குத் தனி நிறம் வாய்க்காது. ஆனால் சேர்ந்திருந்தால் இருவரும் ஒரே நிறமாய் மாறிக்கொண்டிருக்கலாம் என்கிறது அது. உண்மை என்னவெனில், சிலர் வாழ்வில் இலை நிலைப்பதில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் சென்னையிலிருந்து நாகபுரிக்கும், நாகபுரியிலிருந்து தில்லிக்கும் பெயர்ந்த குடும்பங்கள் இதனை விளக்கமின்றியே அறியும்.

லியோனி 1959-இல் வெளியிட்ட முதற் படநூலையும் பெற்றோர் ஒருமுறை காணுதல் நலம். பேரப் பிள்ளைகளோடு இரயிலில் சென்றபோது, இதழொன்றின் தாளைக் கிழித்து அவர்களை அமைதிப்படுத்தச் சொன்ன கதை அது. நீலமும் மஞ்சளும் தழுவிப் பச்சையாகின்றன. வீடு திரும்பினால் பெற்றோர்க்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் பிள்ளை நீ அல்லன் என்று அனுப்பிவிடுகின்றனர். பிள்ளைகள் அழுது நீலக் கண்ணீரும் மஞ்சள் கண்ணீருமாய்க் கரைந்து, மீண்டும் தம் நிறம் பெறுகின்றன. அங்கே தவறியவர் பிள்ளையர் அல்லர். அக்கதையைப் படிக்கும்போது, நம் பிள்ளையின் பேச்சில் வேற்றொலி கேட்டவுடன் நாம் முகம் சுளித்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன.

பச்சோந்திக்கு நாம் இழைத்த அநீதி ஒன்றும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. கட்சி மாறுவோரையும் கொள்கை விற்போரையும் அதன் பெயரால் வைகிறோம். ஆனால் பின்னணியைப் பார்த்து நிறம் எடுப்பது அதன் முதன்மைத் தொழில் அன்று. வெப்பத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப, தன் இனத்தோடு பேசவே அது பெரிதும் நிறம் மாறுகிறது. அதன் தோலணுக்களில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் நிறம் மாறுகிறது என்பதை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015-இல் விளக்கினர். பசியும் குளிரும் வந்தால் மங்கும், உண்டு வெயில் காய்ந்தால் பளிச்சென்று பச்சையாகும் என்று அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே கார்ல் தம் நூலின் தொடக்கத்தில் எழுதிவைத்தார்!

இந்நூலை ஆங்கிலத்தில் வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் தமிழில் சொல்லிக்கொண்டு போவது நம் வீடுகளில் எளிதாக நடக்கக்கூடியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விலங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச்சொல். ஃபிளமிங்கோ என்னும் பிள்ளைக்குப் பூநாரை என்று சொல்லலாம். ஜிராஃப் வரும்போது சற்றே நிற்க வேண்டும். ஒட்டகமும் சிவிங்கியும் சேர்ந்து ஒட்டகச்சிவிங்கி ஆயின. ஒட்டகக் கழுத்தும் சிறுத்தைப் புள்ளியும் கண்ட கிரேக்கரும் அவ்வாறே இரண்டையும் கோத்துப் பெயரிட்டனர். கார்லின் பச்சோந்திக்கு ஒன்றிரண்டு பக்கங்களில் நேர்ந்த குழப்பம், ஒட்டகச்சிவிங்கிக்குப் பெயரிலேயே நேர்ந்திருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அச்சொல்லை ஒரே மூச்சில் மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள், நாக்கு புரளும், நான்காம் முறை வந்துவிடும்.