அரைத்த இறைச்சியும் அரை நூற்றாண்டும்

2001 ஒக்டோபர் நடுப்பகுதியில், கொழும்பு நாளேடொன்றின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் நான் இரவுக் கடமையில் இருந்தேன். செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து ஐந்து வாரங்களே கடந்திருந்தன. அமெரிக்காவில் அந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதங்கள் ஊடக நிறுவனங்களுக்கும் செனட் சபைக்கும் வந்துகொண்டிருந்தன. சிப்ரோ மாத்திரையைத் தேடி மக்கள் மருந்தகங்களுக்கு அலைந்தனர். அச்செய்திக்கு முக்கால் பக்கம் ஒதுக்கினேன். அதே வாரத்தில், கடைகளில் விற்கப்படும் அரைத்த இறைச்சியில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் காணப்பட்டதாக வந்த சிறு செய்தியை, இடமில்லை என்று கழித்துவிட்டேன். கலைப்பீடத்தில் வரலாறு படித்த எனக்கு அதில் அடங்கியிருந்த வரலாறு அன்று புலப்படவில்லை.

ஒக்டோபர் 18ஆம் திகதி நியூ இங்கிலன்ட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு அது. வாஷிங்டன் நகரப் பகுதியில் மூன்று சுப்பர் மார்க்கட்டுகளில் அரைத்த கோழி, மாடு, வான்கோழி, பன்றி இறைச்சி மாதிரிகள் 200 வாங்கிச் சோதித்தனர். 41 மாதிரிகளில் சல்மொனெல்லா இருந்தது. பிரித்தெடுத்த கிருமிகளில் 84 வீதமானவை குறைந்தது ஒரு நுண்ணுயிர்க்கொல்லிக்கும், 53 வீதமானவை மூன்றுக்கேனும் அடங்காதவை.

முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். சூடு பட்டதும் மடியும். அரைக்கும்போது மேலிருந்தது உள்ளே போகிறது. பல விலங்குகளின் இறைச்சியும் ஒன்றாகக் கலக்கிறது. உட்பகுதி வரை நன்கு வேகவைத்தால் எந்தச் சல்மொனெல்லாவும் சாகும் என்பது உண்மையே. ஆனால் வெட்டும் பலகையையும் கத்தியையும் கையையும் யாரும் வேகவைப்பதில்லை.

இக்கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கக் கற்பித்தது யார்? கதை 1948இன் இறுதியில், நியூயோர்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது. தோமஸ் ஜூக்ஸும் ரொபேர்ட் ஸ்டொக்ஸ்டாட்டும் கோழிக்குஞ்சுகளுக்கு விற்றமின் பி12 தரும் மலிவான தீவனத்தைத் தேடினர். ஓரியோமைசின் என்ற குளோர்டெட்ராசைக்கிளின் மருந்தைத் தயாரித்தபின் எஞ்சிய கழிவை ஊட்டிப் பார்த்தனர். விற்றமினால் விளக்க முடியாத அளவுக்குக் குஞ்சுகள் கொழுத்தன. கழிவில் தங்கியிருந்த மருந்தே காரணம். 1950இல் அது அறிவிக்கப்பட்டது. பண்ணைகள் மருந்தை மூட்டை மூட்டையாக வாங்கின. நோயில்லாத விலங்கு, நோயைத் தீர்க்கப் போதாத சிறு அளவில், நாள்தோறும் மருந்து உண்ணத் தொடங்கியது. எதிர்ப்புச் சக்தியுள்ள கிருமியை வளர்த்தெடுக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது.

எச்சரிக்கைகள் வராமலில்லை. எதிர்ப்புச் சக்தி ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 1959இலேயே ஜப்பானியர் கண்டறிந்தனர். மனித சிகிச்சைக்குரிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கலாகாது என்று பிரித்தானியாவின் சுவான் குழு 1969இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில்தான் மூலக்கூற்று மட்டப் பரிணாமம் (நமது பாடநூல்களின் சொல்லில் கூர்ப்பு) பற்றிய புகழ்பெற்ற கட்டுரையொன்றை ஜூக்ஸ் இன்னொருவருடன் இணைந்து எழுதினார். பரிணாமத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்த அவரே தீவன மருந்தைத் தொடர்ந்து நியாயப்படுத்தியது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1976இல் ஸ்டுவர்ட் லெவியின் ஆய்வு வெளிவந்தது. பொஸ்டனுக்கு அருகே ஒரு பண்ணையில் மருந்திட்ட தீவனம் கோழிகளுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. ஐந்தாறு மாதங்களில் பண்ணைக் குடும்பத்தவரின் குடலிலும் எதிர்ப்புக் கிருமிகள் பெருகியிருந்தன. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கால்நடை மருந்துத் தொழில்துறையின் அமைப்பே என்பது குறிப்பிடத்தக்கது.

பண்ணையிலிருந்து உணவுத் தட்டுவரை தடம் பிடிக்கப்பட்டது 1983இல். அமெரிக்காவின் மத்திய மேற்கிலுள்ள நான்கு மாநிலங்களில் 18 பேரை ஒரே வகைச் சல்மொனெல்லா தாக்கியது. 11 பேர் வைத்தியசாலையில் சராசரி எட்டு நாட்கள் கிடந்தனர். வைத்தியசாலையிலேயே தொற்றுக்குள்ளான ஒருவர் இறந்தார். விசித்திரம் என்னவெனில், 12 பேர் நோய் வெளிப்படுவதற்குச் சற்று முன்புதான் வேறு உபாதைகளுக்காகப் பெனிசிலின் வகை மருந்து எடுத்திருந்தனர். ஹம்பர்கருடன் உள்ளே போயிருந்த கிருமி அடங்கிக் கிடந்தது. மருந்து குடலின் நல்ல பக்டீரியாக்களைக் கொன்று, தனக்கு அடங்காத அந்தக் கிருமிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அந்த இறைச்சி தென் டக்கோட்டா மாடுகளினுடையது. அவற்றை வளர்க்கத் தீவனத்தில் கலந்த மருந்து எது தெரியுமா? ஜூக்ஸின் கோழிகள் தின்ற அதே குளோர்டெட்ராசைக்கிளின்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977இலேயே பெனிசிலினையும் டெட்ராசைக்கிளினையும் தீவனத்திலிருந்து விலக்க முன்மொழிந்திருந்தது. மேலும் ஆய்வு வேண்டுமென்று காங்கிரஸ் முட்டுக்கட்டை போட்டது. ஆய்வுகள் வந்தன, முன்மொழிவு தூங்கியது. 2011இல் அது மீளப்பெறப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்கான எல்லா நுண்ணுயிர்க்கொல்லிகளையும் நிறுத்தியது. மனித மருத்துவத்துக்கு முக்கியமானவற்றை வளர்ச்சிக்காகக் கொடுப்பது அமெரிக்காவில் முடிவுக்கு வந்தது 2017 ஜனவரியில்தான். நோய்த் தடுப்புக்கென்றால் மிருக வைத்தியரின் உத்தரவுடன் இன்றும் தீவனத்தில் கலக்கலாம். அனுமதிக்கப்பட்ட மருந்துகளில் குளோர்டெட்ராசைக்கிளினும் ஒன்று.