உங்கள் ஊர்ப் பிரச்சினை நாடாளுமன்றத்துக்கு எப்படிப் போகிறது?

வீதி திருத்தப்படவில்லை, பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை, இராணுவம் பிடித்த காணி இன்னும் விடுபடவில்லை. வடக்கு கிழக்கில் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கப் போகும் மக்களின் கைகளில் பெரும்பாலும் இப்படியொரு கடிதம் இருக்கும். "பார்க்கிறேன்" என்று அவர் வாங்கி வைப்பார். அதன் பின்னர் அந்தக் கடிதம் என்ன ஆனது என்று பலருக்கும் தெரியாது. போரில் எல்லாவற்றையும் இழந்த குடும்பம் ஒன்றுக்கு அந்தக் கடிதம்தான் மிஞ்சியிருக்கும் கடைசி வழியாகவும் இருக்கலாம். ஆகவே அது எந்த வழிகளால் போகலாம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

28 பேரின் குரல்

இலங்கை நாடாளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். 196 பேர் மாவட்டங்களில் இருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். 2024 தேர்தலில் யாழ்ப்பாணத்துக்கு 6, வன்னிக்கு 6, மட்டக்களப்புக்கு 5, திருகோணமலைக்கு 4, திகாமடுல்லவுக்கு 7 என வடக்கு கிழக்குக்கு மொத்தம் 28 ஆசனங்கள் கிடைத்தன. 2010 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு மட்டும் 9 ஆசனங்கள் இருந்தன. ஆசனங்கள் வாக்காளர் பதிவின்படி பகிரப்படுவதால், இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் போனவர்களின் வெற்றிடம் நாடாளுமன்றக் கதிரைகளிலும் தெரிகிறது.

வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் நடக்கவில்லை. மாகாண சபைக்குரிய பாடசாலை, வைத்தியசாலை, வீதி பற்றிய முறைப்பாடுகளும் இன்று நாடாளுமன்ற உறுப்பினரிடமே வந்து சேருகின்றன. கேட்டால், "இது மாகாண நிர்வாகத்துக்குரியது" என்று அமைச்சர் பதில் சொல்லவும் இடமிருக்கிறது. எனவே உங்கள் பிரச்சினை மத்திய அரசுக்குரியதா, மாகாணத்துக்குரியதா, பிரதேச சபைக்குரியதா என்று முதலில் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உறுப்பினருக்கு உள்ள வழிகள்

வாய்மூல விடைக்கான வினா: உறுப்பினர் எழுத்தில் வினாவைக் கொடுப்பார். அது ஒழுங்குப் பத்திரத்தில் வந்ததும் அமைச்சர் சபையில் பதில் சொல்ல வேண்டும். அமைச்சர் கால அவகாசம் கேட்பதும் உண்டு. பதில் கிடைத்ததும் உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம்.

நிலையியற் கட்டளை 27(2): அவசர பொது முக்கியத்துவம் வாய்ந்த விடயங்களைக் கட்சித் தலைவர்கள் இதன் கீழ் எழுப்பலாம்.

ஒத்திவைப்பு விவாதம்: ஒரு விடயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச இது இடம் தருகிறது.

வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம்: ஒவ்வொரு அமைச்சுக்குமான நிதி தனித்தனியாகப் பேசப்படும் நாட்கள் இவை. "இந்தக் குளத்தின் புனரமைப்புக்கு ஏன் நிதி இல்லை" என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. விவாதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே விபரங்களை உறுப்பினரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பொதுமனு: தனிப்பட்ட ஒருவருக்கு அரச நிறுவனமொன்று இழைத்த அநீதி என்றால், உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பொதுமனு சமர்ப்பிக்கலாம். பொதுமனுக்கள் பற்றிய குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்க முடியும். நிர்வாகத்துக்கான நாடாளுமன்ற ஆணையாளரிடம், அதாவது ஒம்புட்ஸ்மனிடம், 1994 இன் திருத்தத்துக்குப் பின்னர் பொதுமக்கள் நேரடியாகவே முறையிடலாம்.

அரசியலமைப்பின் 20 ஆவது உறுப்புரையின்படி உறுப்பினர் தமிழிலேயே தன் கடமைகளைச் செய்யலாம். பேசியது அதே மொழியில் ஹன்சார்ட்டில் பதிவாகும்.

பேச்சால் ஏதாவது நடக்குமா?

சில வேளைகளில் நடந்திருக்கிறது. வடகடல் மீனவர்களின் நீண்ட நாள் முறைப்பாடான இழுவைமடித் தொழிலைத் தடை செய்யும் முயற்சி, எம்.ஏ. சுமந்திரன் 2015 இல் முன்வைத்த தனியார் உறுப்பினர் சட்டமூலத்தில் தொடங்கி, 2017 ஜூலை 6 ஆம் திகதி நாடாளுமன்றத்தில் சட்டமாக நிறைவேறியது. ஆனாலும் இந்திய இழுவைப் படகுகளின் வருகை நிற்கவில்லை. சட்டம் ஒன்று, அதைக் கடலில் நடைமுறைப்படுத்துவது வேறொன்று.

2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி அடுத்த உதாரணம். வடக்கில் சுமார் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகலாம் என்ற அச்சத்தை அந்த அறிவித்தல் ஏற்படுத்தியது. உறுதிகளைப் போரில் தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எங்கே போய் ஆவணம் தேடுவது? தமிழ் உறுப்பினர்கள் இதைச் சபையில் எழுப்பினார்கள். வெளியே மக்களும் எதிர்த்தார்கள். ஜூன் 27 ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சபையில் எழுந்த குரலோடு வழக்கும் மக்களின் எதிர்ப்பும் சேர்ந்திருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடிதத்தை எப்படி எழுதுவது?

"எங்களுக்கு நீதி வேண்டும்" என்ற கடிதத்தை வைத்து உரை நிகழ்த்தலாம், வினா எழுப்புவது கடினம். அமைச்சர் தட்டிக்கழிக்க முடியாதபடி கேட்க உறுப்பினருக்கு விபரம் தேவை. கிராம அலுவலர் பிரிவின் பெயர், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை, காணியின் பரப்பு, எந்த ஆண்டிலிருந்து பிரச்சினை, எந்த அலுவலகத்துக்கு எப்போது எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பவற்றை எழுதுங்கள். பிரதிகளை இணையுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர் பற்றாக்குறை என்றால், அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இப்போது இருப்போர் எத்தனை, வெற்றிடம் எப்போது நிரப்பப்படும் என்று மூன்று கேள்விகளாகப் பிரியுங்கள். காணி என்றால், எத்தனை ஏக்கர் எந்தப் படைப்பிரிவிடம், எந்தச் சட்டத்தின் கீழ், விடுவிக்கும் திகதி எது என்று கேட்கச் சொல்லுங்கள். தொகையும் திகதியும் உள்ள பதில் ஹன்சார்ட்டில் வந்துவிட்டால், அடுத்த ஆண்டும் அதைக் காட்டிக் கேட்கலாம். விபரம் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஹன்சார்ட் யாரும் வாசிக்கக்கூடிய நிரந்தரப் பதிவு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளும் புனர்வாழ்வு பெற்று வந்தவர்களும், தங்கள் பெயரையும் ஊரையும் சபையில் சொல்லலாமா வேண்டாமா என்பதை உறுப்பினரிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள், நீதிமன்றத்தில் உள்ள விடயத்தைச் சபையில் பேசுவதற்குத் தடை உண்டு.

கொடுத்த பிறகு

கடிதம் கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து, எந்த வழியில், எந்தத் திகதியில் எழுப்பினார் என்று விசாரியுங்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட்டைத் தேடிப் பார்க்கலாம். ஊரில் படித்த பிள்ளை ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அமைச்சர் வாக்குறுதி தந்திருந்தால், அந்தப் பக்கத்தை அச்சிட்டு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்னர் உறுப்பினரிடம் மீண்டும் கொடுங்கள். அரசாங்க அதிபரும் திணைக்களத் தலைவர்களும் அங்கே ஒரே மேசையில் இருப்பார்கள். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டால் பதிலளிக்கப்படாத வினாக்களும் அதோடு போய்விடும். அப்படி நேர்ந்தால், தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் சத்தியப்பிரமாணம் செய்த கையோடு அதே கோப்பை அவர்களிடம் எடுத்துச் செல்லுங்கள்.