இதயத் தசையில் விடுபட்ட 25 எழுத்துகள்

நம் பக்கத்தில் "அவருக்கு ஹார்ட் வீங்கிப் போச்சுங்க" என்று சொல்வது வழக்கம். எக்கோ பார்த்த டாக்டர் "இதயம் பெரிசா இருக்கு" என்று சொன்னதை நாம் அப்படி எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கால் வீங்குவது வேறு, இதயம் பெருப்பது வேறு. காலில் நீர் கோக்கிறது. இதயத்தில் தசை செல்களே உருமாறுகின்றன. இந்த உருமாற்றத்தை ஆராய்ந்த வரலாற்றில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

தோலில் காயம் பட்டால் புதுச் செல்கள் வளர்ந்து மூடிவிடும். இதயத் தசைக்கு அந்த வசதி மிகக் குறைவு. 2009ல் ஸ்வீடனில் யோனஸ் ஃபிரிசென் குழுவினர் இதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அது 0.45 சதவீதம். ஆகவே வேலை கூடும்போது இதயம் புது ஆட்களைச் சேர்ப்பதில்லை, இருக்கிற செல்களே பெருக்கின்றன. ரத்த அழுத்தம் அதிகமானால் செல்கள் தடிக்கும். வால்வு ஒழுகினால் நீளும். முதலில் இது உதவிதான். பல ஆண்டுகள் இப்படியே போனால் செல்கள் களைத்து, சில மடிந்து, அந்த இடத்தில் தழும்பு நார் வந்துவிடும். சுவர் தொய்ந்து இதயம் பை போல விரியும். அப்போதுதான் படுத்தால் மூச்சு முட்டுவதும் கால் வீங்குவதும்.

ஆனால் பிரஷரும் இல்லை, வால்வுக் கோளாறும் இல்லை, இதயம் மட்டும் தடித்திருக்கிறது என்று சிலர் உண்டு. 1958ல் லண்டனில் டொனால்ட் டீர் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட இளவயதினர் எட்டுப் பேரின் இதயங்களைப் பற்றி எழுதினார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தசை செல்கள் வரிசை கலைந்து கிடந்தன. தறி ஓட்டிய மங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒழுங்காக ஓட வேண்டிய பாவு நூல் சிக்கு விழுந்து கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் தெரிந்தது.

காரணம் மரபணுவில் என்பது 1990ல் உறுதியானது. இதயத் தசையில் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் ஒன்றின் மேல் ஒன்று நழுவித்தான் துடிப்பு நடக்கிறது. தடித்த இழையோடு சேர்ந்து நின்று அந்த இழுப்புக்கு அளவு வைக்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவின் பெயர் எம்ஒய்பிபிசி3. இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் இந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது 2003ல் வெளியானது.

அதைத் தொடர்ந்து பிடித்தவர்களில் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை எஸ். தண்டபாணி. பெயரின் முன்னால் பெருந்துறை என்று பார்த்தாலே நமக்கு ஒரு சந்தோஷம்தானே! ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் தலைமையேற்றார். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் இதய அறுவை மருத்துவர் ரத்தினவேல், அமெரிக்காவிலிருந்து சக்திவேல் சடையப்பன் எனப் பலரும் சேர்ந்தார்கள். 2009 தொடக்கத்தில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் முடிவு வந்தது.

107 இனக்குழுக்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்ததில், சுமார் 4 சதவீதம் பேருக்கு இந்த விடுபடல் இருந்தது. அதாவது 25 பேரில் ஒருவர். இருப்பவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு என்றார்கள். ஆய்வகத்தில் அந்தக் கோளாறான புரதத்தைச் செல்லுக்குள் விட்டபோது இழை வரிசை குலைந்தது. இளவயதில் செல் அதைக் கழித்துவிடுகிறது, வயது ஏற ஏறத்தான் தேங்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பிள்ளை பெற்று வளர்த்த பிறகே நோய் தலைகாட்டுவதால், இந்த மாற்றம் பல்லாயிரம் ஆண்டுகளாக அழியாமல் நம்மோடு வந்திருக்கிறது.

செய்தி படித்த பலருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. 2018ல் சடையப்பனின் குழுவே அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களைச் சோதித்து, விடுபடல் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து இருப்பதைக் கண்டது. 2020ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வும், ஆபத்தின் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு வரும் வேறொரு மாற்றத்தால்தான், 25 எழுத்து மட்டும் விடுபட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை என்றது. முதல் ஆய்வு வழியைத் திறந்தது. அடுத்தவை அதைச் செப்பனிட்டன. விஞ்ஞானம் நடப்பது இப்படித்தான்.

நமக்கு இதில் என்ன? 4 சதவீதம் என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் வகையறாவில் சின்ன வயதில் திடீரென்று விழுந்து இறந்தவர் உண்டா, "ஹார்ட் பெரிசு" என்று சொல்லப்பட்டவர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதி வையுங்கள். அது நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். நம்மோடு போய்விடக் கூடாது. அப்படி இருந்தால் மகன், மகள், தம்பி, தங்கை எல்லோரும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு பிரஷர் மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதே பெரிய காரியம். அழுத்தம் அடங்கினால் தடித்த இதயம் ஓரளவு மெலியும். மடிந்த செல்லைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது.