கலியா குலோத்துங்கன்

கலியா குலோத்துங்கன் (இறப்பு: அக்டோபர் 20, 2018) தமிழ்நாட்டின் தஞ்சாவூரைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரர் ஆவார். நடுக்கள ஆட்டக்காரரான இவர், கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றிலும் ஆடியவர். மும்பை எஃப்சி, விவா கேரளா, பவானிபூர் ஆகிய கழகங்களிலும் இடம்பெற்றார். சந்தோஷ் கோப்பைப் போட்டிகளில் தமிழ்நாட்டு அணிக்காக ஆடினார். 2003 ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இவரும் ஒருவர்.

பெயரும் ஊரும்

குலோத்துங்கன் என்பது சோழ மன்னர் சிலர் தாங்கிய பெயராகும். அவர்களுள் முதலாம் குலோத்துங்கன் 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறியவன். கலிங்கத்துப் பரணியின் பாட்டுடைத் தலைவன். சோழர் தலைநகராக இருந்த தஞ்சாவூர்ப் பகுதியில் இப்பெயர் இன்றும் மக்களிடையே வழங்குகிறது.

தஞ்சாவூர், காவிரி வடிநிலத்தின் நெல் விளையும் பகுதியில் உள்ள நகரம். வழக்கமாக சூன் 12 ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் இங்கு குறுவைப் பணிகள் தொடங்கும். சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் முடியும். அறுவடைக்குச் சற்று முன்னரே ஈர வயலில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவது இப்பகுதியின் வழக்கம். ஆகவே அறுவடைக்குப் பின்னும் வயல்கள் முழுவதும் சும்மா கிடப்பதில்லை. பள்ளி மைதானங்களும் ஊர்ப் பொதுத் திடல்களும் விதைக்காத தாள் வயல்களுமே சிறுவர்களின் ஆடுகளங்கள். நகரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் உள்ளது. எனினும் தேசிய அளவில் ஆடும் தொழில்முறைக் காற்பந்தாட்டக் கழகம் எதுவும் குலோத்துங்கன் ஆடிய காலத்தில் வடிநில மாவட்டங்களில் இருந்ததில்லை. இங்கிருந்து இவ்விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள விரும்பியவர் ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

தமிழகக் காற்பந்தாட்டச் சூழல்

தமிழ்நாட்டில் காற்பந்தாட்டம் நீண்ட காலம் சென்னையின் அலுவலக அணிகளைச் சார்ந்தே இயங்கியது. வங்கிகள், இரயில்வே, துறைமுகம் போன்ற நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் வேலை வழங்கி அணிகளை அமைத்தன. இவ்வேலைகள் நிலையானவை; வீரர் ஆட்டத்தை விட்ட பின்னும் ஊதியமும் பின்னர் ஓய்வூதியமும் கிடைக்கும். 1996-97இல் தேசிய காற்பந்தாட்ட லீக் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற சென்னையின் இந்தியன் வங்கி அணி இவ்வகையைச் சேர்ந்ததே.

தொழில்முறைக் கழகங்களின் முறை வேறு. அங்கு வீரர் பருவ அடிப்படையில் ஒப்பந்தம் செய்யப்படுகிறார். தொகை அலுவலக ஊதியத்தை விட மிகுதியாக இருக்கலாம்; ஆனால் காயமோ, பயிற்சியாளர் மாற்றமோ, கழகத்தின் பண நெருக்கடியோ ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவந்துவிடும். தமிழக வீரர் ஒருவருக்கு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வது, சென்னையில் நிலையான வேலைக்கும் வெளி மாநிலத்தில் நிலையற்ற புகழுக்கும் இடையிலான தேர்வாக இருந்தது.

குலோத்துங்கன் ஆடிய ஆண்டுகளில் இத்தேர்வு மேலும் குறுகியது. 2007இல் தேசிய லீகுக்கு மாற்றாக ஐ-லீக் தொடங்கியது. அதன் முதல் பிரிவில் 2016-17 பருவத்தில் சென்னை சிட்டி கழகம் சேர்க்கப்படும் வரை தமிழ்நாட்டுக் கழகம் எதுவும் ஆடவில்லை. நாட்டின் உயர்நிலை லீகில் ஆட விரும்பிய தமிழக வீரர் கொல்கத்தா, கோவா, மும்பை, கேரளம் ஆகிய இடங்களில் ஒன்றுக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வாறு சென்றவர்களுள் குலோத்துங்கனுக்கு முன்னோடியாகக் குறிப்பிடத்தக்கவர் இராமன் விஜயன். முன்கள ஆட்டக்காரரான இவர் எஃப்சி கொச்சின் கழகத்துக்காக ஆடி, 1997-98 தேசிய லீகில் 10 கோல்களுடன் அப்பருவத்தின் மிகுதியான கோல்களை அடித்தவர் ஆனார்.

கொல்கத்தாவில்

கொல்கத்தா இந்தியக் காற்பந்தாட்டத்தின் பழம்பெரும் மையம். 1898இல் தொடங்கிய கல்கத்தா காற்பந்தாட்ட லீக் ஆசியாவின் மிகப் பழைய லீகாகும். 1889இல் நிறுவப்பட்ட மோகன் பகான், 1911இல் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. முகம்மதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீகை வென்றது. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால், நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த மக்களின் அடையாளமாக விளங்கியது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் 1997 சூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியை 1,30,000க்கும் மேற்பட்டோர் கண்டனர்.

இக்கழகங்களுள் ஒன்றில் இடம்பெறுவதே வெளி மாநில வீரருக்கு அரிது. தஞ்சாவூரிலிருந்து தொடர்வண்டியில் ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவில் உள்ள நகரில், வேறு மொழி பேசும் மக்கள் முன்னிலையில், மூன்று கழகங்களுக்கும் குலோத்துங்கன் ஆடினார். ஒன்றுக்கொன்று கடும் போட்டியுள்ள இக்கழகங்களின் ஆதரவாளர்கள், எதிரணிக்கு மாறும் வீரரை எளிதில் ஏற்பதில்லை.

ஆசியான் கழகக் கோப்பை, 2003

குலோத்துங்கன் இடம்பெற்ற அணிகளின் வெற்றிகளுள் பெரிதும் நினைவுகூரப்படுவது ஆசியான் கழகக் கோப்பை ஆகும். தென்கிழக்காசியக் கழகங்களுக்காக 2003 சூலையில் முதன்முறையாக நடத்தப்பட்ட இப்போட்டிக்கு, 2002-03 தேசிய லீகை வென்ற ஈஸ்ட் பெங்கால் அழைக்கப்பட்டது. சுபாஷ் பௌமிக் பயிற்சியாளராகவும் கானா நாட்டு வீரர் சுலே மூசா அணித்தலைவராகவும் இருந்தனர்.

முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் தெரோ சாசன கழகத்திடம் ஈஸ்ட் பெங்கால் 0-1 எனத் தோற்றது. அடுத்து பிலிப்பைன்சு இராணுவ அணியை 6-0 என வென்றது. காலிறுதியில் இந்தோனேசியாவின் பெர்சிட்டா தங்கராங் அணியை 2-1 என வென்றது. பெட்ரோகிமியா புத்ரா அணிக்கு எதிரான அரையிறுதி 1-1 எனச் சமநிலையில் முடிய, தண்ட உதை முறையில் வெற்றி பெற்றது. சூலை 26 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி மீண்டும் பெக் தெரோ சாசன. அதே ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீகின் இறுதி ஆட்டம் வரை சென்ற கழகம் அது. மைக் ஒகோரோ, பாய்ச்சுங் பூட்டியா, அல்விட்டோ டி'குன்கா ஆகியோர் கோலடிக்க, ஈஸ்ட் பெங்கால் 3-1 என வென்றது. இந்தியக் கழகம் ஒன்று வெளிநாட்டு மண்ணில் பெற்ற பெரும் வெற்றிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தொடர்ந்து 2003-04 தேசிய லீகையும் ஈஸ்ட் பெங்கால் வென்றது. ஆசியான் கழகக் கோப்பை 2005இல் மீண்டும் ஒரு முறை நடத்தப்பட்டபின் கைவிடப்பட்டு, 2024இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கியது.

மும்பையிலும் கேரளத்திலும்

கொல்கத்தாவின் பழைய கழகங்களுக்கு மாறாக, குலோத்துங்கன் ஆடிய மும்பை எஃப்சியும் விவா கேரளாவும் புதிதாகத் தோன்றியவை. மும்பை எஃப்சி 2007இல் நிறுவப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் பூத்தின் பயிற்சியில் 2008இல் ஐ-லீகின் இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 2004இல் தோன்றிய விவா கேரளா, ஐ-லீகின் முதல் பருவமான 2007-08இல் கேரளத்தின் சார்பில் ஆடியது. பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, பின்னர் மீண்டும் மேலேறியது.

இவ்விரு கழகங்களும் இன்று இல்லை. விவா கேரளா 2011இல் சிராக் யுனைடெட் கேரளா எனப் பெயர் மாறி, அடுத்த ஆண்டே கலைந்தது. மும்பை எஃப்சி 2016-17 பருவத்தில் ஐ-லீகிலிருந்து இறங்கியபின் 2017இல் மூடப்பட்டது. ஒரு கழகத்தில் நீண்ட காலம் ஆடி அங்கேயே பயிற்சியாளராகவோ நிருவாகியாகவோ தொடரும் வாய்ப்பு, இத்தகைய கழகங்களில் ஆடியவர்களுக்குக் கிட்டுவதில்லை. கழகம் கலையும்போது அதன் பதிவேடுகளும் ஆதரவாளர் வட்டமும் சேர்ந்தே சிதறிப்போகின்றன. குலோத்துங்கனைப் போன்ற வீரர்களைப் பற்றிய ஆவணங்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆடிய கழகங்கள்

கொல்கத்தா: ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகம்மதன் ஸ்போர்ட்டிங், பவானிபூர்
மும்பை: மும்பை எஃப்சி
கேரளம்: விவா கேரளா
மாநில அணி: தமிழ்நாடு

சந்தோஷ் கோப்பை

சந்தோஷ் கோப்பை 1941 முதல் நடைபெற்று வரும் மாநிலங்களுக்கிடையேயான போட்டி. மாநில அணிகளும் இரயில்வே, படைத்துறை அணிகளும் இதில் பங்கேற்கின்றன. வெளி மாநிலக் கழகங்களுக்கு ஆடும் வீரர் தம் சொந்த மாநிலத்தின் சீருடையை அணிய இது வாய்ப்பளித்தது. குலோத்துங்கனும் இப்போட்டியில் தமிழ்நாட்டுக்காகக் களமிறங்கினார். தமிழ்நாட்டு அணி 2012இல் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டம் வரை முன்னேறி, படைத்துறை அணியிடம் 2-3 எனத் தோற்றது.

மறைவு

குலோத்துங்கன் 2018 அக்டோபர் 20 அன்று, ஏறத்தாழ நாற்பது வயதில், தஞ்சாவூரில் நிகழ்ந்த இருசக்கர வாகன விபத்தில் உயிரிழந்தார். அகில இந்தியக் காற்பந்தாட்டக் கூட்டமைப்பு இரங்கல் தெரிவித்தது. கொல்கத்தா, மும்பை, கேரளம் எனப் பல நகரங்களில் ஆடிய அவருடைய வாழ்வு, அவர் புறப்பட்ட ஊரிலேயே முடிந்தது.

பின்வந்தோர்

குலோத்துங்கனுக்குப் பின் தமிழக வீரர்களின் சூழல் மாறியது. 2014இல் தொடங்கிய இந்திய சூப்பர் லீகில் சென்னையின் எஃப்சி இடம்பெற்று 2015, 2017-18 ஆகிய பருவங்களில் வாகை சூடியது. சென்னை சிட்டி 2018-19 ஐ-லீகை வென்றது. இதனால் தமிழக இளைஞர்கள் தம் மாநிலத்திலேயே உயர்நிலை லீகில் ஆடத் தொடங்கும் வாய்ப்பு உருவானது.

எனினும் கழகம் மாறி ஆடும் வாழ்க்கை மறையவில்லை. சென்னையைச் சேர்ந்த பக்கவாட்டு ஆட்டக்காரர் நந்தகுமார் சேகர், சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா ஆகிய கழகங்களில் ஆடிய பின் 2023இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அவ்வாண்டு ஆகத்து 12 அன்று நடந்த தூரந்த் கோப்பை ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், ஈஸ்ட் பெங்காலின் நெடிய தோல்வித் தொடரை முடித்து வைத்தது. 2024 சனவரி 28 அன்று புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதியில் அவரது கோலும் சேர, ஈஸ்ட் பெங்கால் ஒடிசாவை 3-2 என வென்று 12 ஆண்டுகளுக்குப் பின் தேசிய அளவிலான கோப்பையைப் பெற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் குலோத்துங்கன் அணிந்த அதே சிவப்பு, பொன்னிறச் சீருடையில் தமிழக வீரர் ஒருவர் மீண்டும் கோப்பை வென்ற நிகழ்வு இது.

இவற்றையும் பார்க்கவும்

ஈஸ்ட் பெங்கால்
சந்தோஷ் கோப்பை
இராமன் விஜயன்
தஞ்சாவூர்