ஒன்றாகத் தெரியும் இரண்டு விளக்குகள்: குவாண்டம் ஒளியியல் சொல்வது என்ன?

மட்டக்களப்பு வாவியில் இருட்டிய பின் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால், தூரத்துத் தோணிகளின் விளக்குகள் புள்ளிகளாகத் தெரியும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இரண்டு விளக்குகள் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரை விட நெருங்கியிருந்தால், வெறுங்கண்ணுக்கு அவை ஒன்றாகிவிடும். இரவுத் தொழிலுக்குத் தடை இருந்த போர்க்காலத்தை அறிந்தவர்களுக்கு, தூரத்து வெளிச்சத்தைச் சரியாக இனங்காண்பதன் முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை.

கண்மணியானாலும் வில்லையானாலும், ஒரு துவாரத்தின் வழியே போகும் ஒளி சற்றே விரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாக மங்குகிறது. இரண்டு வட்டங்கள் எவ்வளவு நெருங்கினால் பிரித்தறிய முடியாது என்ற அளவுகோலை 1879இல் ரேலி பிரபு வகுத்தார். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டிக்கு இந்த எல்லை சுமார் 200 நானோமீற்றர். டெங்கு வைரஸின் விட்டமோ சுமார் 50 நானோமீற்றர்தான்.

2016இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்கெய் சாங், ரஞ்சித் நாயர், சியாவ்-மிங் லூ ஆகியோர் இதைக் குவாண்டம் கோட்பாட்டின்படி மீண்டும் கணித்தனர். இரு விளக்குகளுக்கு இடையிலான தூரம் பற்றிய தகவல் ஒளியில் அழியாமலே இருக்கிறது. படத்தில் ஒளியின் செறிவை மட்டும் அளப்பதால்தான் அது தவறிப்போகிறது என்று அவர்கள் காட்டினர்.

அவர்கள் முன்வைத்த வழிகளில் ஒன்று தலையீட்டைப் பயன்படுத்துகிறது. வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, மீண்டும் இரண்டையும் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரே விளக்கு இருந்தால், இரு வெளிவாயில்களில் ஒன்று முற்றிலும் இருளாக இருக்கும். நடுவின் இரு புறமும் இரண்டு விளக்குகள் இருந்தால், அந்த இருண்ட வாயிலில் சில போட்டன்கள் கசியும். அவற்றை எண்ணினால் விளக்குகளுக்கு இடையிலான தூரம் கிடைக்கும்.

இதற்கு விசேட ஒளி தேவையில்லை. விண்மீன் ஒளியோ ஒளிரும் மூலக்கூறின் ஒளியோ போதும். ஆய்வுகூடப் பரிசோதனைகளும் இதை உறுதிப்படுத்தின. ஆனால் விளக்குகளின் நடுப்புள்ளியை முன்கூட்டியே துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். பல புள்ளிகள் நெருங்கிய சிக்கலான படத்துக்கு இதைப் பயன்படுத்துவது கடினம். ஆகவே நாளையே வைத்தியசாலைக்கு வரக்கூடிய கருவியல்ல இது.

மூல ஆய்வுக்கட்டுரை வெளியான ‘பிசிக்கல் ரிவியூ எக்ஸ்’ ஆய்விதழைக் கட்டணமின்றி எவரும் வாசிக்கலாம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவருக்கும் அது திறந்தே கிடக்கிறது.