மரக்கலக் கலப்பற்றும் பல்வேர் அடைப்பும்

பாய்க்கப்பல்கள் கடலாண்ட காலத்தில் ஊர்காவற்றுறை பெயர்பெற்ற துறையாக விளங்கிற்று. ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட அத்தீவின் கரையில் வத்தைகளையும் தோணிகளையும் ஏற்றிப் பழுதுபார்த்தோர் செய்த வேலைகளுள் கலப்பற்றும் ஒன்று. பலகைக்கும் பலகைக்கும் இடையேயுள்ள பொருத்திற் பஞ்சையோ தும்பையோ உளிகொண்டு அடித்துச் செறித்து, எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியத்தை அதன்மேற் பூசுவது அத்தொழில். செறிக்கும் பொருள் ஒன்று, எஞ்சிய இடுக்குகளை நிரப்பும் பசை மற்றொன்று. இவ்விரட்டை முறையே இன்று பல் வைத்தியர் பல்லின் வேர்க்கால்வாயை அடைக்குமிடத்தும் கையாளப்படுகின்றது என்றால் வாசகர் வியப்படையலாம். ஆயின் இரண்டிடத்தும் பகை ஒன்றே, அது கசிவு.

பல்லின் நடுவே குருதிக் குழாய்களும் நரம்பும் பொருந்திய மென்கூழ் உண்டு. சூத்தை அதனை எட்டினால் கூழ் அழிந்து, கால்வாய் கிருமிகளின் உறைவிடமாகும். வேர்முனையிற் சீழ்க்கட்டி தோன்றுவது அதன் பின்விளைவு. கிருமியே இதற்குக் காரணம் என்பதை 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காக்கெஹாஷியும் அவர்தம் துணைவரும் நடத்திய சோதனை ஐயமற நிறுவிற்று. கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டபோதும் அது அழியவில்லை. ஏனைய எலிகளில் அழிந்தது. ஆகவே பல்லைப் பிடுங்காது காக்க விரும்புவோன் கால்வாயைத் துப்புரவு செய்தலோடு, கிருமியும் நீரும் மீளவும் புகாவண்ணம் அதனை அடைத்தலும் வேண்டும்.

எதனைக் கொண்டு அடைப்பது என்னும் வினாவுக்கு விடைகள் பலவாயின. 18ஆம் நூற்றாண்டிற் பிரான்சிய பல் வைத்தியர் போஷார் ஈயத்தைப் பயன்படுத்தினார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிலடெல்பியாவில் ஹட்சன் என்பார் பொற்றகட்டை நுணுக்கமாக உட்செலுத்தினார். மரக்குச்சியையும் பஞ்சையும் இட்டோரும் உளர். இறுதியில் நிலைத்து நின்றதோ, மலாய் நாட்டுக் காட்டு மரம் ஒன்றின் பால்.

கட்டாபேர்ச்சா எனும் அப்பொருளைத் தரும் மரம், நமது இலுப்பையும் வன்னிக் காட்டுப் பாலையும் சேர்ந்த அதே குடும்பத்தது. மலாயர் அதன் இறுகிய பாலைக் கொண்டு வெட்டுக்கத்திகளுக்குப் பிடி செய்தனர். சிங்கப்பூரில் வைத்தியராயிருந்த மொன்கொமரி 1843இல் அதன் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகி, நீரை உட்புகவிடாத அதன் இயல்பு, கடலடித் தந்திக் கம்பிகளுக்குக் கவசமாயிற்று. பால் எடுப்பதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தமையால் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே காடுகள் வறிதாயின. பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறிய நம்மவர் தலைமுறை கண்டது, பெரும்பாலும் அம்மரங்கள் அருகிப்போன மலாயாவையே.

கடலடிக் கம்பியைக் காத்த பொருள் பல்லுக்குள்ளும் புகுந்தது. 1867இல் சென் லூயிஸ் நகரத்துப் போமன் அதனை வேர்க்கால்வாய் அடைப்பாகப் பயன்படுத்திக் காட்டினார். 1887இல் எஸ். எஸ். வைற் நிறுவனம் மெல்லிய கூரிய குச்சிகளாக அதனைச் செய்து விற்கத் தொடங்கிற்று. 1933இல் ஜாஸ்பர் வெள்ளிக் குச்சிகளை அறிமுகஞ் செய்தார். அவை எளிதில் உட்சென்றன; ஆயின் நெளிவும் நீள்வட்டமுங் கொண்ட கால்வாயின் வடிவுக்கு இசையவில்லை. உமிழ்நீரும் திசுநீரும் பட்டு அரிக்கப்பட்டு நச்சுப் பொருள்களை உண்டாக்கின என்பது 1972இல் வெளியான ஆய்விற் புலனாயிற்று. கலப்பற்றில் பஞ்சுக்குப் பதிலாக ஆணியை அறைந்தாற்போன்ற செயல் அது எனலாம்.

கட்டாபேர்ச்சாவை இடும் வகையிலும் இரு நெறிகள் எழுந்தன. ஒன்று, குளிர்ந்த குச்சிகளைப் பசையோடு ஒன்றன்பக்கம் ஒன்றாக நெருக்கிச் செறிப்பது. மற்றொன்று, பொஸ்டன் நகரத்து ஷில்டர் 1967இல் விளக்கிய, சூட்டால் இளக்கி மேலிருந்து அழுத்தும் முறை. இளகிய பொருள் பக்கக் கிளைகளுக்குள்ளும் புகும் என்பது அவர் கோட்பாடு. எது கசிவை நன்கு தடுக்கும்?

இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி ஏறக்குறைய அரை நூற்றாண்டு பல் வைத்திய ஏடுகளை நிரப்பிற்று. 1955இல் டோ, இங்கிள் ஆகிய இருவரும் அடைத்த பற்களைக் கதிரியக்க அயடின் கரைசலில் அமிழ்த்தி, செம்மையாக அடைத்தவற்றில் அது புகாமையையும் குறைபட்டவற்றிற் புகுந்தமையையும் கண்டனர். பின்னர் நீல மை, இந்திய மை, கிருமி, அழுத்த நீர் எனப் பலவகைச் சோதனைகள் வந்தன. வந்த முடிவுகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஓர் ஆய்வில் முதலிடம் பெற்ற முறை, அடுத்ததிற் கடைநிலை அடைந்தது. 1989இல் ஸ்பாங்பெர்க் குழுவினர் காரணமொன்றைச் சுட்டினர்: இடுக்குக்குள் அகப்பட்ட காற்று மையைப் புகவிடாது தடுப்பதால், கசியும் பல்லும் கசியாததுபோற் காட்சியளிக்கும். கரையிற் கிடக்கும் தோணியைத் தட்டிப்பார்த்து அதன் கலப்பற்றை மதிப்பிட்டதற்கு இஃது ஒப்பாகும். கடலிற் போய்வந்த பின்னரன்றோ தொழிலாளியின் திறம் தெரியும்?

1993இல் வூ, வெஸ்ஸலிங்க் ஆகியோர் இவ்வாய்வுகளின் பொருத்தத்தையே கேள்விக்குட்படுத்தினர். 2007இல் அமெரிக்க வேர்ச்சிகிச்சை ஏட்டின் ஆசிரியர் குழு, முறைகளின் கசிவை ஒப்பிடும் கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என அறிவித்தது. ஆயிரக்கணக்கான பற்கள் மையில் ஊறிய பின் எடுத்த அம்முடிவு துணிவானது. என் கருத்தில் அது காலந்தாழ்த்தியும் வந்தது. அதே ஆண்டில் நோயாளரைத் தொடர்ந்து கண்ட ஆய்வுகளைத் தொகுத்த பெங் குழுவினர், சூட்டு முறைக்கும் குளிர் முறைக்கும் நீண்டகாலப் பயனிற் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை. சூட்டு முறையில் அடைப்புப் பொருள் வேர்முனைக்கு அப்பாற் பிதுங்குதல் மட்டும் மிகுந்திருந்தது.

இதற்கிடையே வேறொரு வாயில் கவனத்திற்கு வந்தது. வேரின் அடியை நோக்கியவர்கள் மேலே திறந்துகிடந்த வாயை மறந்திருந்தனர். 1995இல் றே, ட்ரோப் ஆகியோர் 1010 பற்களின் கதிர்ப்படங்களை ஆராய்ந்தனர். வேரடைப்பும் மேலடைப்பும் ஒருங்கே செம்மையாயிருந்தவற்றுள் நூற்றுக்கு 91.4 வேர்முனை நோயின்றி இருந்தன. வேரடைப்பு நன்றாயிருந்தும் மேலடைப்புக் குறைபட்டவற்றில் அத்தொகை 44.1 ஆக வீழ்ந்தது. வேரடைப்புக் குறைபட்டும் மேலடைப்பு நன்றாயிருந்தவற்றிலோ 67.6. நோர்வேயில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேரடைப்பே முதன்மையானதென மறுத்தது. வழக்கு இன்னும் தீரவில்லையாயினும், மேல்வாயைத் திறந்துவிடலாகாது என்பதில் இரு சாராரும் உடன்படுவர்.

தீவகத்தார்க்கு இது வெறும் ஏட்டு வழக்கன்று. வேர்ச்சிகிச்சை பெரும்பாலும் ஓரமர்வில் முடிவதில்லை. நெடுந்தீவில் வாழ்பவர் ஒவ்வோர் அமர்வுக்கும் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து யாழ்ப்பாணம் சேரவேண்டும். வாடைக்காற்று மூர்க்கங்கொள்ளும் நாட்களிற் படகுகள் நின்றுவிடும். இரண்டு அமர்வுகளுக்கிடையே இட்ட தற்காலிக அடைப்பு அவ்வேளையிற் கழன்றால், துப்புரவு செய்த கால்வாய் மீண்டும் உமிழ்நீருக்குத் திறந்துவிடும். மேலே மூடாத வேரடைப்புகளுள் அரைப்பங்குக்கு மேற்பட்டவற்றைக் கிருமி 19 நாட்களிற் கடந்ததென 1990இல் டொராபினஜாட் குழுவினர் கண்டனர். அதுவும் ஆய்வுகூடச் சோதனையே என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும்.

பிடுங்குதல் ஒரே பயணத்தில் முடியும். பல்லைக் காத்தல் பல பயணங்களைக் கேட்கும். ஆதலால் நெடுந்தீவு, நயினாதீவு போன்ற இடங்களிலிருந்து வருவோர்க்கு, சூட்டு முறையா குளிர் முறையா என்பதிலும் பார்க்க, கிருமி ஒடுங்கிய பல்லாயின் ஓரமர்வில் முடித்தலும், அது இயலாவிடத்துத் தற்காலிக அடைப்பை 3.5 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் இடுதலும், நிரந்தர மேலடைப்பைப் பிற்போடாமையும் பெரிதாகும். நோயாளியிடம் அடுத்த வருகைக்கு நாள் குறிக்குமுன், வைத்தியர் காற்றின் பருவத்தையும் கேட்டறிதல் நன்று.