ஓடாத ஒரு படம்: 'பொன்மணி' (1977)



வசூலில் தோற்ற ஒரு படத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

குறைந்த செலவில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். 1960களில் இத்தாலியர்கள் ஸ்பெயினின் வரண்ட அல்மேரியாப் பகுதியை அமெரிக்கா என்று காட்டி கௌபோய் படங்கள் எடுத்தார்கள். 1964இல் ஒரு படத்துக்கு இயக்குநர் செர்ஜியோ லியோனி தன் பெயரையே 'பொப் ரொபட்சன்' என்று போட்டுக்கொண்டார். அவருடைய படம் ஓடியது. அதைப் பார்த்து எடுத்த பல படங்கள் வந்த சுவடு தெரியாமல் போயின.

எமக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் சென்னை. எம்.ஜி.ஆர், சிவாஜி படங்களுக்குப் பழகிய எம் மக்களுக்காக, இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவும் அந்தப் பாணியிலேயே வந்தன. காசு குறைவு, கருவிகள் குறைவு. அசல் பக்கத்துத் தியேட்டரில் ஓடும்போது நகலுக்கு யார் டிக்கட் எடுப்பார்?

'பொன்மணி' அப்படி எடுக்கப்படவில்லை. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். எழுதியவர் காவலூர் இராசதுரை. யாழ்ப்பாணத்து வீடும் தெருவும் கடற்கரையும் அப்படியே கறுப்பு வெள்ளையில் வந்தன. சித்திரலேகா மௌனகுரு, குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் நடித்தார்கள். சாதி கடந்து காதலித்த ஒரு பெண்ணின் கதை. சண்டை இல்லை, ஆரவாரம் இல்லை. மக்கள் வரவில்லை.

ஆனால் இன்று, போருக்கு முந்திய யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்தப் படம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே பத்திராஜ 'பம்பரு அவித்' என்ற சிங்களப் படத்தைக் கற்பிட்டி மீனவர் வாழ்வை வைத்து எடுத்தார். அந்தக் கரையும் அதில் பதிந்திருக்கிறது.

கற்பிட்டி எமக்குப் புதிய பெயரல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரில் இருந்து வள்ளங்களில் போன எம்மவர் பலர் இறங்கிய கரை அது. உடுத்த உடுப்போடு போனவர்கள் அல்பங்களையா தூக்கிக்கொண்டு போனார்கள்? எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலியிலும் அன்று இருந்த வீடு, பள்ளிவாசல், வாடி எல்லாம் இன்று மூத்தவர்களின் வாய்ச்சொல்லில்தான் இருக்கின்றன.

படம் ஓடியதா என்பது முதல் போட்டவரின் கணக்கு. ஊர் பதிவானதா என்பது எங்கள் கணக்கு. இன்று எல்லோர் கையிலும் கமரா உள்ள ஃபோன் இருக்கிறது. வீட்டிலுள்ள மூத்தவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவுசெய்யுங்கள். பத்துப் பேர் பார்த்தாலும் போதும். 1990க்கு முந்திய படம் ஒன்று யாரிடமாவது மிஞ்சியிருந்தால், அதை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.